ரூம்மேட்ஸ் செலவுக் கணக்கை ஸ்பிளிட்வைஸில் சண்டை வராமல் போடுவது எப்படி

நான்கு பேர் சேர்ந்து வீடு எடுத்தால் முதல் மாதம் எல்லாம் நன்றாகத்தான் போகும். தண்ணி கேனுக்கு ஒருவர் கொடுப்பார், பாலுக்கு இன்னொருவர், சிலிண்டருக்கு யார் கையில் காசு இருக்கிறதோ அவர், "அப்புறம் பார்த்துக்கலாம்டா" என்று ஓடிக்கொண்டிருக்கும். பெருங்குடியில் நான் முதலில் இருந்த வீட்டில் இப்படி வாய்க்கணக்காகவே ஒரு வருடம் ஓட்டினோம். காலி செய்த அன்று அட்வான்ஸைப் பிரிக்க உட்கார்ந்தபோது, கல்லூரியிலிருந்தே கூட இருந்த ஒருவனோடு 1,400 ரூபாய்க்காகப் பேச்சு நின்றுபோனது. அவன் சொன்னது சரியாகக்கூட இருந்திருக்கலாம், என்னிடமும் எழுத்தில் எதுவும் இல்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஸ்பிளிட்வைஸ் என்ற, செலவைப் பிரித்துக் கணக்கு வைக்கும் ஆப்பை இறக்கி, போன் நம்பரிலோ மெயிலிலோ கணக்குத் தொடங்கி, வீட்டுக்கென்று ஒரு குரூப் போட்டு மூன்று பேரையும் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. இதில் விளக்க ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்: இந்த ஆப்பைக் கணக்கு எழுதும் நோட்டாகத்தான் பயன்படுத்தப்போகிறோம், பணத்தை ஜீபேயிலோ போன்பேயிலோ நாம்தான் அனுப்ப வேண்டும், அனுப்பிய பிறகு உள்ளே வந்து 'செட்டில் அப்' அழுத்திப் பதிய வேண்டும். பணத்தை அனுப்பிவிட்டு இதை மறப்பவர்கள்தான் அதிகம், திருப்பிக் கொடுத்த கடன்கூட ஆப்பில் அப்படியே நிலுவையில் நிற்கும்.

முதல் செலவைப் போடுவதற்கு முன்னால் நான்கு பேரும் ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியே ஆகவேண்டும். எவ்வளவு நல்ல ஆப்பாக இருந்தாலும் எது நியாயம் என்று அதற்குத் தெரியாது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பதினைந்து நாள் கழித்து வருபவர் எதற்கெல்லாம் கொடுக்க வேண்டும்? எங்கள் வீட்டில் வாடகை, வைஃபை, சமையல் அக்கா சம்பளம் மூன்றும் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உண்டு, பால், தண்ணி கேன், காய்கறி மட்டும் இருந்த நாளுக்கு. உங்கள் வீட்டில் வேறு மாதிரி இருக்கலாம், ஆனால் முடிவு செய்ததை வாட்ஸாப் குரூப்பில் எழுதி, எப்போதும் மேலே தெரியும்படி 'பின்' (pin) செய்துவிடுங்கள்.

இனி பிரிக்கும் முறை. செலவைப் பதியும்போது ஆப் தானாகவே சமமாகப் பிரித்துவிடும், பெரும்பாலானோர் அதோடு விட்டுவிடுகிறார்கள், மனக்கசப்பு தொடங்குவதே அங்கேதான். வாடகையை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 24,000, ஒருவருக்குத் தனி ரூம், இரண்டு பேர் இன்னொரு ரூமில், ஒருவர் ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறார் என்றால் தலைக்கு 6,000 என்பது அநியாயம். 'பை ஷேர்ஸ்' என்ற முறையைத் தேர்ந்து 4, 3, 3, 2 என்று பங்கு கொடுங்கள். மொத்தம் 12 பங்கு, ஒரு பங்கு 2,000, தனி ரூமுக்கு 8,000, இரட்டை ரூமில் ஆளுக்கு 6,000, ஹாலில் இருப்பவருக்கு 4,000. ஹாலில் இருப்பவர்தான் பெரும்பாலும் குறைந்த சம்பளக்காரராக இருப்பார், அவராக வாய் திறந்து கேட்கமாட்டார், மற்றவர்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இபி பில் இன்னும் சிக்கல். தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும், முதல் 100 யூனிட் இலவசம், 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாபே, அதாவது யூனிட் விலைப் படியே, மாறி, கீழே இருக்கும் யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் விலை கூடிவிடும். ஒரு ரூமில் மட்டும் ஏசி ஓடி, வழக்கமாக 1,200 வரும் பில் 3,000 ஆகிவிட்டது என்று வையுங்கள். இங்கே 'பை அட்ஜஸ்ட்மென்ட்' எடுத்து ஏசிக்காரர் பெயருக்கு நேரே 1,800 என்று போட்டால், மீதி 1,200-ஐ ஆப் நான்காகப் பிரித்து, அவருக்கு 2,100, மற்ற மூவருக்கும் தலா 300 என்று காட்டும். ஸ்லாப் மாறியதால் ஏறிய தொகையும் அவர் தலையில்தானா என்று கேட்பார்கள். அந்த யூனிட்டுகள் ஏசியால்தான் தாண்டின, அதனால் ஆம் என்பதே என் கருத்து.

ஞாயிற்றுக்கிழமை சிக்கனுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம், சைவம் சாப்பிடுபவர் பெயரில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் போதும்.

செலவு செய்த அன்றே பதியுங்கள், 'மளிகை' என்று மட்டும் எழுதாமல் 'அரிசி 10 கிலோ, எண்ணெய்' என்று எழுதுங்கள். இலவசக் கணக்கில் ஒரு நாளைக்குச் சில பதிவுகள்தான் போட முடியும், அதனால் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியதைத் தனித்தனியாகப் போடாமல் ஒரே பதிவாக்குங்கள், அல்லது வேறொருவர் போனிலிருந்து போடுங்கள், யார் கொடுத்தது என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

'சிம்ப்ளிஃபை டெப்ட்ஸ்' என்று ஒரு வசதி உண்டு. நான் உங்களுக்கு 600 தர வேண்டும், நீங்கள் இன்னொருவருக்கு 600 தர வேண்டும் என்றால், நான் நேராக அவருக்கே 600 கொடுத்துவிடும்படி ஆப் சுருக்கிவிடும். யாருடைய மொத்தமும் ஒரு ரூபாய்கூட மாறாது. ஆனால் சொல்லாமல் இதைப் போட்டுவிட்டால் "அவன்கிட்ட நான் காசே வாங்கல, எதுக்குக் கொடுக்கணும்?" என்று கேள்வி வரும், எனவே விளக்கிவிட்டுப் போடுங்கள்.

கணக்கை முடிக்க மாதம் ஒரு தேதி வையுங்கள். சம்பளம் வந்த கையோடு 5-ஆம் தேதி வைத்தால் யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்காது. ஒரு மாதம் ஒருவருக்கு முடியவில்லை என்றால் அவர் முன்கூட்டியே சொல்லட்டும், நாமும் அதைக் குரூப்பில் எல்லோர் முன்னாலும் பேசாமல் தனியாகப் பேசுவோம்.

அட்வான்ஸை மட்டும் இந்தக் குரூப்பில் கலக்காதீர்கள். அது செலவே இல்லை, திரும்பி வரும் பணம். தனிக் குரூப்பில், யார் எவ்வளவு போட்டார் என்று வாடகை ஒப்பந்தத்தின் படத்தோடு வைத்திருங்கள். நடுவில் ஒருவர் போய்ப் புதியவர் வந்தால், புதியவர் தன் பங்கை வீட்டு உரிமையாளரிடம் கொடுக்காமல் போகிறவரிடமே கொடுத்துவிட்டு அங்கே பதியலாம், ஆனால் உரிமையாளருக்கும் தெரியப்படுத்தி ஒரு மெசேஜாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

போகிறவர் பாக்கி சைபர் ஆகும்வரை அவரைக் குரூப்பிலிருந்து எடுக்க ஆப் விடாது, அது நல்லதுதான். இரண்டு மாத இபி பில் அவர் போன பிறகுதான் வரும் என்பதால், அவர் பெட்டியைத் தூக்கும் அன்று இருவருமாகக் கீழே போய் மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டுவிடுங்கள், பில் வந்ததும் அந்த ரீடிங் வரைக்குமான அவர் பங்கை மட்டும் பதிந்து வாங்கிக்கொள்ளலாம்.