பாய்மரப் படகில் குடித்தனம்: மோசமான வானிலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறிய பாய்மரப் படகில் வாழ்பவர்களிடம் புயலைப் பற்றிக் கேட்டால் முதலில் அலையின் உயரத்தைத்தான் சொல்வார்கள். விபத்து விசாரணை அறிக்கைகளைப் படித்தால் கண்ணில் படுவது வேறு: கழன்று பறந்த பேட்டரி, கட்டாமல் விட்ட வாசல் பலகை, இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடாத ஆள். 30 முதல் 40 அடி நீளத்தில், அடியில் கனமான கீல் (படகை நிமிர்த்தி வைக்கும் எடைத் துடுப்பு) வைத்துக் கட்டிய நல்ல படகு நாம் நினைப்பதைவிட அதிகம் தாங்கும். உள்ளே இருக்கிறவர்தான் முதலில் தளர்ந்துபோகிறார். படகில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இதை மறந்துவிடுவதால் வருபவை என்று நம்புகிறேன்.

முதல் தவறு கரையிலேயே நடந்துவிடுகிறது. இன்ன தேதிக்கு இன்ன துறைமுகத்தில் இருந்தாக வேண்டும் என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்புவது. நண்பர் விமானத்தில் வந்து இறங்குகிறார், விசா முடிகிறது, லீவு தீர்கிறது. காரணம் எதுவாகவும் இருக்கலாம். கரீபியனில் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். வங்காள விரிகுடாவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல்கள் அடிக்கடி உருவாகும். பருவம் தெரிந்தும் தேதிக்காகப் போகிறவரைப் பிறகு எந்தத் திறமையும் எளிதில் காப்பாற்றாது.

வானிலை அறிவிப்பை அப்படியே எடுத்துக்கொள்வதும் இதோடு சேர்ந்தது. அறிவிப்பில் வரும் காற்றின் வேகம் சராசரி. நடுவில் வீசும் பலத்த வீச்சு அதைவிட 40 சதவீதம் வரை கூடுதலாக இருக்கலாம். அலை உயரம் என்று போடுவதும், எல்லா அலைகளிலும் உயரமான மூன்றிலொரு பங்கின் சராசரிதான். தனி அலை ஒன்று கிட்டத்தட்ட அதன் இரண்டு மடங்காக எழும்பும். "4 மீட்டர்தானே" என்று கிளம்புகிறவர் 7 மீட்டர் அலைக்கும் தயாராக இருக்க வேண்டும்.

சரி, கிளம்பியாயிற்று. காற்று ஏறுகிறது. இங்கே எல்லாரும் செய்கிற தவறு, பாயைச் சுருக்குவதைத் தள்ளிப்போடுவது. படகு வேகமாக ஓடுகிறது, உற்சாகமாக இருக்கிறது, இன்னும் அரை மணி நேரம் பார்க்கலாமே என்று தோன்றும். ஆனால் பாயின் மேல் விழும் விசை, காற்றின் வேகத்தை அதே வேகத்தால் பெருக்கும் கணக்கில் கூடுகிறது. 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர்) காற்று 30 நாட் ஆனால் விசை நான்கு மடங்கு. 15 நாட்டில் இரண்டு நிமிட வேலையாக இருந்த அதே சுருக்கல், 30 நாட்டில் நனைந்து வழுக்கும் தளத்தில், இரண்டு கையும் தேவைப்படும் நேரத்தில், உயிரைப் பணயம் வைக்கும் வேலையாகிவிடும். சுருக்கலாமா என்று மனதில் எழும் முதல் கேள்வியிலேயே சுருக்கிவிடுங்கள். இரவு வருவதற்கு முன் ஒரு மடிப்பு கூடுதலாகவே போட்டுவைப்பது நல்லது. வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

வீட்டுக்குள்ளே

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது படகின் உள்ளே நடப்பது. துறைமுகத்தில் மாதக்கணக்கில் நின்ற படகு மெல்ல மெல்ல வீடாகிவிடுகிறது. அலமாரியில் புத்தகம், மேசையில் லேப்டாப், அடுப்புக்குப் பக்கத்தில் எண்ணெய் பாட்டில். இதில் ஒவ்வொன்றும் படகு தலைகீழானால் எங்கே போகும் என்று கேட்டுப் பாருங்கள். சாய்ந்தால் என்று கேட்பது போதாது. தலைகீழானால் என்றே கேட்க வேண்டும். ஈய அமில பேட்டரி ஒன்று 25 கிலோவுக்கு மேல் இருக்கும். அது கூரையில் மோதித் திரும்பி விழும் இடத்தில் நீங்கள் படுத்திருக்கிறீர்கள். பேட்டரிக்கு வார்ப்பட்டை, அடுப்புக்கு அது தாங்கியிலிருந்து கழன்று வராதபடி ஒரு தாழ், தரைப் பலகைகளுக்கும் அலமாரி மூடிகளுக்கும் திருகுத் தாழ். இவை எல்லாம் நல்ல வானிலையில் ஒரு வார இறுதி வேலை.

இன்னொரு சின்ன விஷயம், டின் உணவுகளின் காகித லேபிள். படகுக்குள் தண்ணீர் புகுந்தால் டின்கள் ஊறும், பசை விடும், காகிதம் கூழாகிப் படகின் அடிவயிற்றில் சேரும். தண்ணீரை வெளியேற்ற வேண்டிய பம்ப் அந்தக் கூழை உறிஞ்சி அடைத்துக்கொள்ளும். அதனால்தான் நெடும்பயணம் போகிறவர்கள் டின்னை வாங்கியவுடன் லேபிளைக் கிழித்துவிட்டு, மேலே மார்க்கர் பேனாவால் உள்ளே இருப்பதை எழுதிவைக்கிறார்கள். நூடுல்ஸ் பாக்கெட் உறை, தீக்குச்சி, தலைமுடி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பம்பின் வடிகட்டியைக் கை எட்டும் இடத்தில் வையுங்கள், கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பழகுங்கள்.

அபிலாஷ் டோமிக்கு நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். அப்போது இந்தியக் கடற்படை அதிகாரியாக இருந்த அவர், 2018-இல் கோல்டன் குளோப் தனியாள் உலகச் சுற்றுப் போட்டியில் 'துரியா' என்ற 32 அடிப் படகில் போய்க்கொண்டிருந்தார். செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயலில் படகு கவிழ்ந்து நிமிர்ந்தது, பாய்மரம் முறிந்தது, அவருடைய முதுகெலும்பு அடிபட்டது. படகு மூழ்கவில்லை. உள்ளே படுக்கையில் அசைய முடியாமல் கிடந்தார். மாற்று சாட்டிலைட் போனும் கையடக்க ரேடியோவும் அவசரப் பையில் பத்திரமாக இருந்தன. அந்தப் பை அவர் கைக்கு எட்டவில்லை. செப்டம்பர் 24 அன்று பிரெஞ்சு மீன்வளக் கண்காணிப்புக் கப்பல் 'ஓசிரிஸ்' வந்து அவரை மீட்டது. அத்தனை அனுபவமுள்ள மாலுமிக்கே இந்த நிலை. அவர் பிறகு குணமாகி, அடுத்த போட்டியில் இரண்டாவதாக வந்தார்.

அவசரப் பையை வாசலுக்குப் பக்கத்தில் வைப்பதுதான் வழக்கம். நடக்க முடிகிறவருக்கு அது சரி. படுக்கையிலிருந்து கை நீட்டினால் எட்டும் இடத்திலும் ஒரு ரேடியோ, ஒரு டார்ச், ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கட்டும்.

சாப்பாடும் தூக்கமும்

குமட்டல் வந்த பிறகு மாத்திரை போடுவது வீண். அதற்குள் வயிறு எதையும் ஏற்கிற நிலையில் இருக்காது. சின்னாரிசைன் போன்ற மாத்திரையை, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, கிளம்புவதற்கு ஓரிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரவழைக்கிறதா என்பதைக் கரையிலேயே போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். வாந்தியைவிட அதன் பின்னால் வருவதுதான் ஆபத்து: உடலில் நீர் வற்றும், குளிர் ஏறும், எதிலும் அக்கறை போய்விடும். சுக்கானில் உட்கார்ந்து "எது நடந்தாலும் நடக்கட்டும்" என்று நினைக்கிற ஆளால் சரியான முடிவு எடுக்க முடியாது.

புயல் வரும் என்று தெரிந்ததும் சமைத்துவிட வேண்டும். நம் பிரஷர் குக்கர் இதற்கு மிகவும் நல்லது. மூடி பூட்டிக்கொள்வதால் உருண்டாலும் கொட்டாது, சோறும் குழம்பும் கலந்து ஒரே பாத்திரமாக முடிந்துவிடும். கஞ்சியும் சுக்குத் தண்ணீரும் பிளாஸ்கில். தட்டு வேண்டாம், ஆழமான கிண்ணம், அதுவும் பாதிதான். அலையில் கொதிநீர் வைத்தே தீர வேண்டுமென்றால் மழைக்குப் போடும் ரப்பர் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வையுங்கள். வெந்நீர்க் காயம் படகுச் சமையலறையில் சர்வ சாதாரணம், மருத்துவமனையோ நாலு நாள் தூரத்தில்.

அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், இருக்கும் அழகான இரட்டைப் படுக்கையில் புயலில் தூங்க முடியாது. அங்கே ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். படகின் நடுப்பகுதியில், தாழ்வான பெஞ்சில், உருண்டு விழாமல் பக்கத்தில் கெட்டித் துணி கட்டிப் படுப்பதுதான் வழி. அந்தத் துணியைப் புயலில் தேடினால் கிடைக்காது.

மேல்தளத்தில்

வாசல் பலகைகளை "உள்ளே காற்று வரட்டும்" என்று கழற்றிவைப்பது, ஹார்னஸ் (ஆளைப் படகோடு பிணைக்கும் உடல்வார்) கொக்கியை மேலே வந்த பிறகு மாட்டிக்கொள்வது. இரண்டுமே ஆளைக் கொன்ற பழக்கங்கள். பலகைகள் கயிற்றால் கட்டப்பட்டிருக்க வேண்டும், படகு கவிழ்ந்தாலும் விழாதபடி உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பூட்ட வர வேண்டும். கொக்கியை வாசலைத் தாண்டும் முன்பே மாட்ட வேண்டும். நீளமான வாரில் தொங்குகிறவர் படகுக்கு வெளியே தண்ணீரில் இழுபடுவார், அதனால் குட்டை வாரையே அதிகம் பயன்படுத்துங்கள். கொக்கி எங்கே சிக்குகிறது என்பதையும் பாருங்கள். 2017 நவம்பரில் கிளிப்பர் உலகச் சுற்றுப் படகுப் போட்டியில் ஒரு மாலுமி தெற்கு இந்தியப் பெருங்கடலில் உயிரிழந்தார். அவருடைய கொக்கி தளத்தில் கயிறு கட்டுவதற்காக இருந்த ஒரு கிளீட்டுக்கு அடியில் மாட்டி, பக்கவாட்டில் இழுபட்டு, வளைந்து திறந்துவிட்டது. அந்த வகைக் கொக்கிக்கு நீளவாக்கில் இருக்கும் பலம் பக்கவாட்டில் இல்லை.

அடுத்தது கரையை நோக்கி ஓடுவது. புயலில் மனம் துறைமுகத்தைத்தான் தேடும். ஆனால் காற்று கரையை நோக்கி வீசும்போது, ஆழம் குறையக் குறைய அலை செங்குத்தாகி உடையும், துறைமுக வாயில்தான் அந்த வட்டாரத்திலேயே மோசமான இடமாக இருக்கும். நேரத்தில் போய்ச் சேர முடியாதென்றால் ஆழ்கடலில் நிற்பதே மேல்.

அங்கே என்ன செய்வது? உடையும் அலை படகின் பக்கவாட்டில் அடிக்க விடக் கூடாது. 1979-இல் ஃபாஸ்ட்நெட் படகுப் போட்டியைத் தாக்கிய புயலுக்குப் பிறகு (அந்தக் கதை கீழே வருகிறது) இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் மாதிரிப் படகுகளை வைத்துத் தொட்டியில் சோதித்தார்கள். படகு நீளத்தில் சுமார் 60 சதவீத உயரமுள்ள உடையும் அலை பக்கவாட்டில் அடித்தால் எந்த வடிவப் படகும் முழுதாகக் கவிழும் என்று தெரிந்தது. 10 மீட்டர் படகுக்கு 6 மீட்டர் அலை. அதில் பாதி உயரமே படகைப் படுக்கவைக்கக்கூடும். பாயை நன்றாகச் சுருக்கி, ஜிப் எனும் முன்பாயைக் காற்று வரும் பக்கமே நிறுத்தி, சுக்கானைக் கட்டி, படகை மெல்ல நகரவிடும் 'ஹீவ் டு' ஒரு வழி. டொனால்ட் ஜோர்டான் என்ற அமெரிக்கப் பொறியாளர் வடிவமைத்த, நூற்றுக்கும் மேற்பட்ட சிறு துணிக் கூம்புகள் கோத்த ட்ரோக் கயிற்றைப் பின்னால் விட்டு வேகத்தைக் கட்டுப்படுத்துவது இன்னொரு வழி. எது உங்கள் படகுக்குப் பொருந்தும் என்பதை 20 நாட் காற்றிலேயே செய்து பார்த்துவிடுங்கள். கயிறு உரசும் இடங்களையும் கவனியுங்கள். 2018 டிசம்பரில் தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்னுக்கு மேற்கே, அதே கோல்டன் குளோப் போட்டியில் இருந்த பிரிட்டிஷ் மாலுமி சூசி குடாலின் ட்ரோக் கயிறு அறுந்தது. அதன் பிறகு அவருடைய 35 அடிப் படகு முன்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்துப் பாய்மரத்தை இழந்தது.

நங்கூரத்தில் கிடப்பவர்களுக்கும் ஒரு கணக்கு. சங்கிலி நீளத்தைத் தண்ணீர் ஆழத்தை மட்டும் வைத்துப் போடாதீர்கள். ஆழம் 5 மீட்டர், ஏறப்போகும் ஓதம் 2, அணியத்தின் உயரம் 1, ஆக 8. புயலுக்கு 7 மடங்கு என்றால் 56 மீட்டர். ஆழத்தை மட்டும் பார்த்து 35 மீட்டர் விட்டவருடைய படகு நள்ளிரவில் இழுத்துக்கொண்டு போகும்.

படகை விட்டு இறங்குவது

1979 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் போட்டிக்கு இங்கிலாந்திலிருந்து 303 படகுகள் கிளம்பின. 13-ஆம் தேதி இரவு அயர்லாந்துக்குத் தெற்கே புயல் அடித்தது. போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். 24 படகுகளை ஆட்கள் கைவிட்டு வெளியேறினார்கள். அந்த 24-இல் மூழ்கியவை 5 மட்டுமே. மற்ற 19 படகுகள் மிதந்துகொண்டிருக்கக் கண்டெடுக்கப்பட்டன. லைஃப் ராஃப்டை (காற்றடைத்த உயிர்காப்பு மிதவை) நம்பி இறங்கிய சிலர் ராஃப்ட் கவிழ்ந்தும் கிழிந்தும் உயிரிழந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருட்டில், முழங்கால் தண்ணீரில், பாய்மரம் முறிந்து மோதும் சத்தத்தில், படகு போய்விட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். அதனாலேயே முடிவைப் பகலில், கரையில் எடுத்துவைக்க வேண்டும்: படகு நிச்சயமாக மூழ்குகிறது, அல்லது அணைக்க முடியாத தீ, இந்த இரண்டைத் தவிர வேறு எதற்கும் ராஃப்டில் ஏறுவதில்லை என்று. ஒரு பக்கெட்டோடு இரண்டு பேர் தண்ணீரை இறைத்தால் எவ்வளவு குறைகிறது என்பதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

அப்புறம், காற்று ஓய்ந்த நாள். எல்லாரும் அப்படியே விழுந்து தூங்கிவிடுவார்கள், அல்லது இழந்த நேரத்தைப் பிடிக்க எல்லாப் பாயையும் ஏற்றுவார்கள். அலை இன்னும் அடங்கியிருக்காது, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளில் எது இழை விட்டிருக்கிறது என்று தெரியாது. முதலில் ஒருவர் தூங்கட்டும். மற்றவர் பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு கம்பியின் முனையையும், அதைக் கழலாமல் பிடிக்கும் பிளவு ஊசியையும் தொட்டுப் பார்க்க வேண்டும். குடிநீர்த் தொட்டியில் உப்பு ஏறியிருக்கிறதா என்று ருசித்துப் பார்த்துவிட்டு, பம்ப் வடிகட்டியைக் கழற்றிக் கழுவி, அவிழ்ந்த தாழ்களைத் திரும்பப் போட்ட பிறகுதான் பாயை ஒரு மடிப்பு விரிக்க வேண்டும்.