காகிதத்துக்கு ஒரு பூ, களிமண்ணுக்கு ஒரு பூ: கைவினை ஆசிரியர்களுக்கான செய்முறை

பூச் செய்யும் வகுப்பில் சேர வருபவர்களில் பெரும்பாலோர் முதல் நாளே ரோஜாவைத்தான் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிட்டு, மதில்மேல் படர்ந்து கிடக்கும் காகிதப் பூவிலிருந்து (போகன்வில்லா) தொடங்குகிறேன். இயற்கையிலேயே தாளைப் போல் மெல்லியதாகவும் நரம்போடியதாகவும் இருப்பதால்தானே அதற்கு அந்தப் பெயர் வந்தது! எந்தப் பூவைக் காகிதத்தில் செய்வது, எந்தப் பூவைக் காற்றில் உலரும் களிமண்ணில் செய்வது என்பதை ஆசிரியரின் விருப்பத்துக்கு விடாமல், இதழின் தடிமனுக்கு விட்டுவிட வேண்டும் என்பதே பல ஆண்டுகள் கற்றுக்கொடுத்த பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு. இதழை இரு விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கசங்கிச் சுருங்கினால் அது தாளுக்குரிய பூ. சதைப்பற்றோடு வழுக்கினால் அது களிமண்ணுக்குரிய பூ.

ஆகவே முதல் வகுப்புக்குக் கத்தரிக்கோல்கூடத் தேவையில்லை. ஒவ்வொருவரும் ஒரே வகைப் பூவில் இரண்டைக் கொண்டுவர வேண்டும். ஒன்று முழுதாக மேசைமேல் இருக்க, மற்றொன்றை வெளியிலிருந்து உள்நோக்கி ஒவ்வோர் இதழாகப் பிரித்து, வரிசை மாறாமல் வெள்ளைத் தாளில் டேப் போட்டு ஒட்டி, பென்சிலால் சுற்றி வரைந்து எண்ணிட வேண்டும். இதழ்கள் எத்தனை, எது எதன்மேல் ஏறியிருக்கிறது, அடிப்பகுதி குறுகலா அகலமா என்று இந்த ஒரு தாள் சொல்லும் செய்தியை, இணையத்திலிருந்து அச்சிட்டெடுத்த அச்சுவடிவம் எதுவும் சொல்லாது. இந்த வயதில் இதெல்லாம் வருமா என்று தயங்கும் பெரியவர்களிடம் நான் இங்கிலாந்தின் மேரி டெலனியைப் பற்றிச் சொல்வதுண்டு. அவர் 1772-இல், தம் 72-ஆம் வயதில், செடிகளைக் கண்முன் வைத்துக்கொண்டு வண்ணத்தாளை வெட்டி ஒட்டிப் பூக்களைச் செய்யத் தொடங்கினார். கறுப்புப் பின்னணியில் ஒட்டப்பட்ட அவருடைய 900-க்கும் மேற்பட்ட ஆக்கங்கள் இன்று லண்டனிலுள்ள பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

அடுத்ததாகத் தாளின் ஓட்டத்தை விளக்க வேண்டும். செய்தித்தாளை ஒரு பக்கமாகக் கிழித்தால் நேராக வருவதையும், மறுபக்கமாகக் கிழித்தால் கோணிக்கொண்டு போவதையும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். நேராகக் கிழியும் திசைதான் இழையோட்டத்தின் திசை. சாதாரண வண்ணத்தாளிலும் இழையோட்டம் இதழின் அடியிலிருந்து நுனிக்குப் போகும்படி வெட்டினால் நடுநரம்பு மடிப்பு உடையாமல் விழும். கிரேப் தாளில் இது இன்னும் முக்கியம், ஏனெனில் அதன் சுருக்கக் கோடுகளுக்குக் குறுக்காக இழுத்தால் மட்டுமே தாள் நீளும். கோடுகள் இதழின் நீளவாக்கில் நிற்க வேண்டும் என்ற இந்த ஒரே விதியை மறந்தவர்களின் பூக்களெல்லாம் அட்டையில் வெட்டியவைபோல் விறைத்து நிற்கும்.

காகிதப் பூவைச் செய்ய 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள) வண்ணத்தாளோ டிஷ்யூ தாளோ போதும். நாம் இதழ் என்று நினைக்கும் மூன்றும் உண்மையில் இதழ்கள் அல்ல, நிறம் மாறிய இலைகள். ஒவ்வொன்றின் நடுநரம்பிலும் ஒட்டிக்கொண்டு ஒரு சிறு வெள்ளைக் குழல் நிற்கிறதே, அதுதான் பூ. ஆகவே நுனி கூர்ந்த மூன்று துண்டுகளை வெட்டி, நடுவில் மடித்து விரித்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் நரம்புகளை அழுத்தி வரைந்து, ஒவ்வொன்றின் நடுக்கோட்டிலும் வெள்ளைத் தாளில் உருட்டிய மெல்லிய குழல் ஒன்றை ஒட்டி, மூன்றையும் அடியில் சேர்த்துக் கம்பியில் கட்டினால் வேலை முடிந்தது. எட்டு வயதுக் குழந்தையும் அரை மணி நேரத்தில் செய்து முடித்துவிடும். பத்துப் பேர் செய்தவற்றை ஒரே கொம்பில் கட்டினால் வகுப்பறைச் சுவருக்கு ஒரு கொடி கிடைத்துவிடும்.

செம்பருத்தி இதற்கு அடுத்த படி. கிரேப் தாளில் ஏறத்தாழ 7 செ.மீ. நீளமும் 6 செ.மீ. அகலமும் கொண்ட ஐந்து இதழ்களை, அடிக் குறுகியும் மேல் அகன்றும் இருக்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இதழையும் விசிறிபோல் மடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல் ஒரு முறை முறுக்கி விரித்தால், அந்தப் பூவுக்கே உரிய கசங்கல் நரம்புகள் வந்துவிடும். பிறகு மேல் விளிம்பை இரண்டு கட்டைவிரல்களாலும் சிறிது சிறிதாக இழுத்து அலையாக்குங்கள். நடுத்தண்டுக்கு, கம்பியின்மேல் சிவப்புக் கிரேப் பட்டையைச் சுற்றி, அதன் மேற்பாதியில் மட்டும் பசை தடவி மஞ்சள் பொடியில் புரட்ட வேண்டும். உச்சியில் ஐந்து சிவப்புப் புள்ளிகள் தனியே நிற்க வேண்டும். மஞ்சள் நிறமேற்றிய ரவையைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அதில் வண்டு வைக்கும் என்பதால் நான் சலித்த மரத்தூளுக்கு மாறிவிட்டேன். இதழ்களை ஒட்டும்போது ஒன்றின் ஓரம் அடுத்ததன்மேல் ஏறும்படி ஒரே திசையில் சுற்றி வாருங்கள். மலிவான கிரேப் தாள் ஈரம் பட்டால் சாயம் விடும். விரல் வியர்வையே போதும். பசையைக் குச்சி நுனியில் தொட்டு மிகக் குறைவாக வைப்பதும், சிவப்பைத் தொட்ட கையோடு வெள்ளைத் தாளைத் தொடாமலிருப்பதும் முதல் நாளிலேயே பழக வேண்டியவை.

இனிக் களிமண். கடையில் காற்றில் உலரும் களிமண் என்று கேட்டால் மூன்று வெவ்வேறு பொருள்களைக் கொடுத்துவிடுவார்கள். கனமாகவும் சற்றுக் கரகரப்பாகவும் இருக்கும் கூழ் வகை, தொட்டி செய்யவும் சிலை செய்யவும் நல்லது. இதழுக்காக மெலிதாக்கினால் விளிம்பு வெடிக்கும். பஞ்சுபோல் எடையற்ற நுரை வகை குழந்தைகளின் கைக்கு ஏற்றது, ஆனால் அதில் செய்த இதழ் எவ்வளவு தட்டினாலும் சற்று உப்பலாகவே நிற்கும். பூவுக்கு உண்மையில் பொருத்தமானது கோல்டு போர்சலின் (cold porcelain) என்று அழைக்கப்படும் மூன்றாம் வகைதான், அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஒரு கப் வெள்ளைப் பசை (பெவிகால் போன்றது), ஒரு கப் கார்ன்ஃப்ளார், இரண்டு மேசைக்கரண்டி பேபி ஆயில், இரண்டு மேசைக்கரண்டி வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைக் கட்டியில்லாமல் கரைத்து, ஒட்டாத வாணலியில், மிகச் சிறு தீயில், கை ஓயாமல் கிளற வேண்டும். முதலில் தயிர்போல் திரளும், பிறகு அல்வாவைப் போல் ஓரம் விட்டுச் சுருண்டு வரும். அல்வா பதம் முழுதாக வருவதற்குச் சற்று முன்பே இறக்கிவிடுவதுதான் சூட்சுமம், ஏனெனில் அதிகம் வெந்த மாவு உலரும்போது விரிசல் விடும். கை பொறுக்கும் சூட்டில், உள்ளங்கையில் ஹேண்ட் கிரீம் தடவிக்கொண்டு வழவழப்பாகும்வரை பிசைந்து, பிளாஸ்டிக் தாளில் காற்றுப் புகாமல் சுற்றி ஒரு நாள் வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். இந்த வாணலியை மறுபடி சமையலுக்கு எடுக்கக் கூடாது. வகுப்பில் அடுப்பு மூட்டாதீர்கள், வீட்டிலிருந்து செய்து கொண்டுபோங்கள்.

பொருள் பட்டியல் கொடுக்கும்போது "சோள மாவு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என் வகுப்புக்கு ஒரு முறை நான்கு பேர் நான்கு மாவுகளோடு வந்தார்கள். ஒன்று ரொட்டி சுடும் வெள்ளைச் சோள மாவு, ஒன்று மில்லில் அரைத்த மஞ்சள் மக்காச்சோள மாவு. நமக்கு வேண்டியது சூப்பைக் கெட்டியாக்கப் போடும், விரல்களுக்கிடையே அழுத்தினால் நறநறவென்று ஒலிக்கும் வெண்ணிற ஸ்டார்ச்.

இந்தக் களிமண் உலரும்போது சுருங்கும், நிறமும் ஆழமாகும். ஆகவே பூவை வேண்டிய அளவைவிடச் சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும். நிறம் கலக்கும்போது நினைத்ததைவிட வெளிறிய சாயலில் நிறுத்திவிட வேண்டும். எதுவும் கலக்காமல் விட்டால் மெழுகுபோல் மங்கிய கண்ணாடித்தன்மை வந்துவிடுமாதலால், வெள்ளைப் பூவுக்கும்கூடச் சிறிது வெள்ளை அக்ரிலிக் வண்ணத்தைக் கலந்து பிசைவது அவசியம்.

முதல் பயிற்சிக்கு மல்லிகை மொட்டு. மிளகளவு உருண்டையை உள்ளங்கையில் ஒரு பக்கம் மட்டும் அழுத்தி உருட்டினால் நீர்த்துளி வடிவம் வரும், எல்லாக் களிமண் இதழுக்கும் அந்தத் துளிதான் தொடக்கம். இருபது மொட்டு உருட்டியவரின் விரல்கள் அழுத்தத்தின் அளவைத் தாமாகவே கற்றுக்கொண்டுவிடும்.

அதன் பிறகு கள்ளிமந்தாரை. உதிர்ந்த பூக்களையே பொறுக்கிவரச் சொல்லுங்கள், பறித்தால் வடியும் பால் கண்ணில் பட்டால் எரியும். கொண்டைக்கடலை அளவில் ஐந்து உருண்டைகளை எடுத்துத் துளிகளாக்கி, பிளாஸ்டிக் கோப்பு உறையின் இரு மடிப்புகளுக்கிடையே வைத்துக் கட்டைவிரலால் தட்டையாக்குங்கள். நடுப்பகுதி சற்றுத் தடிமனாக இருக்க, விளிம்பு மட்டும் மெலிய வேண்டும். ஒவ்வோர் இதழின் ஒரு பக்க ஓரத்தை மட்டும் உள்நோக்கி லேசாகச் சுருட்டுங்கள், ஐந்துக்கும் அதே பக்கம். இப்போது ஐந்தையும் பாதிக்குப் பாதி ஏறும்படி விசிறியாக அடுக்கி, பீடா சுற்றுவதுபோல் சுற்றி, கடைசி இதழின் ஓரம் முதல் இதழுக்கு அடியில் போகும்படி செருகினால் பூ தானாகவே சுழன்று நிற்கும். மாணவர்கள் தடுமாறும் இடம் இந்தச் செருகல்தான். அதனால் நான் அடுக்கிய நிலை, சுற்றிய நிலை, செருகிய நிலை என மூன்று மாதிரிகளை முன்பே உலர்த்தி வைத்துக்கொண்டு கைக்குக் கை அனுப்புகிறேன். அடியைக் குழலாகக் கிள்ளி, பசை தொட்ட கம்பியைச் செருகி, முட்டை அட்டையின் குழியில் உட்கார வைத்து உலரவிடுங்கள். நடுவிலுள்ள மஞ்சளைத் தூரிகையால் தீட்டுவதைவிட, மஞ்சள் சாக் பாஸ்டலைச் சுரண்டிய பொடியை உலர்ந்த தூரிகையால் உள்ளிருந்து வெளியே தடவினால் நிறம் எங்கே முடிகிறதென்று தெரியாமல் கரையும்.

உலர்த்துவதில்தான் அதிகப் பொறுமை வேண்டும். வெயிலில் வைத்தால் வெளிப்புறம் முந்தி உலர்ந்து இறுகி, உட்புறம் பின்னால் சுருங்கும்போது விரிசல் விழும். நிழலில், மெதுவாக ஓடும் மின்விசிறிக்கடியில், மெல்லிய இதழுக்கு ஒரு நாளும் தடித்த பகுதிகளுக்கு இரண்டு மூன்று நாள்களும் கொடுங்கள். கடலோர ஊரில் ஐப்பசி மழையின்போது நான் நடத்திய முதல் களிமண் வகுப்பின் பூக்கள் ஒரு வாரமாகியும் பிசுபிசுப்பு மாறாமல், பிறகு சாம்பல் பூசணம் பூத்து, மொத்தமாகக் குப்பைக்குப் போயின. இப்போது ஐப்பசி, கார்த்திகையில் காகித வகுப்புகளை வைத்துக்கொண்டு, களிமண்ணைத் தை பிறந்த பிறகு எடுக்கிறேன். சிறிய விரிசலென்றால் அதே களிமண்ணைப் பசையும் தண்ணீரும் விட்டுக் குழைத்து அடைத்துவிடலாம்.

களிமண் உலரக் காத்திருக்கும் நேரத்தைத் தாளுக்குப் பயன்படுத்துவதே பாடத்திட்டத்தின் அச்சாணி. ஒன்றரை மணி நேர வகுப்பானால் முதல் அரை மணியில் அடுத்த வாரத்துக்கான களிமண் உறுப்புகளைச் செய்து உலரவைத்துவிட்டு, மீதி ஒரு மணியில் சென்ற வாரம் உலர்ந்தவற்றோடு தாள் இதழ்களைச் சேர்க்க வேண்டும். ஒரே ஆசிரியருக்குப் பத்துப் பேருக்குமேல் வேண்டாம். பத்து வயதுக்குட்பட்டவர்களிடம் கம்பி வெட்டுவதையும் சூட்டுப் பசைத் துப்பாக்கியையும் விடாதீர்கள்.

இரண்டும் கைவந்தவர்களுக்கு நான் வைக்கும் தேர்வு செங்காந்தள். செடி நச்சுத்தன்மை உடையதாகையால் உண்மைப் பூவை ஆசிரியரே பிரித்துக் காட்டிவிட்டுக் கைகழுவ வேண்டும். பின்னோக்கி மடிந்த ஆறு இதழ்களையும் மஞ்சள் கிரேப் தாளில் குறுகலாக வெட்டி, விளிம்பை நெடுக இழுத்து நெளியாக்கி, நுனியிலிருந்து பாதிவரை சிவப்புப் பொடி தடவுங்கள். வெளிநோக்கிப் பரந்து நிற்கும் ஆறு மகரந்தக் காம்புகளுக்கு மெல்லிய கம்பியின் நுனியில் களிமண்ணை நெல்லளவு உருட்டிக் குறுக்காக ஒட்டி, முந்தின வாரமே உலர்த்தியிருக்க வேண்டும். சூலகத் தண்டு மட்டும் அடியிலேயே ஏறத்தாழச் செங்கோணத்தில் பக்கவாட்டில் மடியும். காந்தளின் இலைநுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டு முடியும். இலைக்குள் ஒட்டிய கம்பியை 5 செ.மீ. வெளியே நீட்டவிட்டுப் பென்சிலில் சுற்றினால் அது கிடைக்கும். தண்டில் பச்சை டேப் முழுதும் சுற்றி முடித்த பிறகே அதைச் சுருட்டுங்கள், முன்பே சுருட்டினால் கையில் சிக்கி நசுங்கிவிடும்.