கிட் வைனும் யாழ்ப்பாண வெக்கையும்

வீட்டில் வைன் செய்யத் திராட்சைச் சாறும் ஈஸ்ற்றும் சேர்த்து விற்கிற கிட் பெட்டியில் ஆறு வாரத்தில் தயார் என்றுதான் போட்டிருக்கும், நம்பாதேங்கோ. வெள்ளைக்கு மூன்று மாதம், சிவப்புக்குக் குறைந்தது ஆறு.

என் சிவப்பு வைன் நாக்கில் சுள்ளென்று குத்தியது. உள்ளே தங்கிய காபனீரொட்சைட்டுத்தான் காரணம். வைனின் அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீட்டர் 0.996 இல் அசையாமல் நின்றதும், அதாவது நொதித்தல் முடிந்ததும், மண்டியை விட்டு ரியூப்பால் வேறு சாடிக்கு மாற்றி, நுரை அடங்கும்வரை கலக்கினேன். வைன் பழுதாகாமல் இருக்க 23 லீற்றருக்குக் கால் தேக்கரண்டி பொட்டாசியம் மெற்றாபைசல்பைற்று போட்டேன். பிறகு சாடியைக் கழுத்துவரை வைனால் நிரப்ப வேண்டும். இடைவெளி விட்டால் வினாகிரிதான் மிஞ்சும்.

30 பாகையில் வைன் பழுக்காது, வெந்துபோகும். சாடியை வெயில்படாத அறையின் சீமெந்துத் தரையில் வைத்து ஈரச்சாக்குச் சுற்றினேன். மாரியில் காற்றே ஈரம், சாக்கால் பலனில்லை. சாடி வாயில் வெளிக்காற்றைத் தடுக்கிற எயார்லொக்கின் தண்ணீர் கோடையில் சட்டென்று வற்றும். கிழமைக்கொருக்கா பார்த்து ஊற்றுங்கோ.