பக்கவாதம் வந்த துணையை வார்டிலிருந்து மலை வீட்டுக்குக் கொண்டுவருவது எப்படி?

கணவருக்கோ மனைவிக்கோ பக்கவாதம் வந்து கோவையில் சேர்த்திருக்கிறீர்கள். ஒரு கை, கால் வரவில்லை, மூக்கில் டியூப், சிறுநீருக்கு டியூப். வீடோ குன்னூர், கோத்தகிரிப் பக்கம், ரோட்டிலிருந்து படி இறங்கிப் போக வேண்டிய இடம். "இன்னும் மூணு வாரம் ஆகும்" என்கிறார் டாக்டர். இந்த மூன்று வாரமும் வெளி பெஞ்சில் உட்கார்ந்தே போய்விட்டால் டிஸ்சார்ஜ் அன்று திண்டாட வேண்டியதுதான். வீட்டில் நீங்கள் செய்யப்போகிற அத்தனை வேலையையும் சிஸ்டர்கள் தினமும் உங்கள் கண்முன்னே செய்கிறார்கள். அவர்களிடம் கற்றுக்கொள்ளத்தான் இந்த நாட்கள்.

படி 1: ஆள் முறை போடுங்கள்

ஒருவரே இரவும் பகலும் இருந்தால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. குறைந்தது இரண்டு பேர் வேண்டும். மனைவி படுத்திருந்தால் இன்னொரு சிக்கல்: பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் பெண்கள் வார்டில் இரவு ஆண்களைத் தங்க விடுவதில்லை. நாத்தனாரோ அண்ணியோ பக்கத்து வீட்டு அக்காவோ, யார் எந்த இரவு என்று முதல் வாரத்திலேயே பேசிவிடுங்கள்.

40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். மாத்திரை, உணவு, சிறுநீர் அளவு, மலம், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் நேரத்தோடு எழுத வேண்டும். முறை மாறும்போது வாயால் சொல்வது மறந்துபோகும். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. காப்பீட்டு அட்டை, ரேஷன் அட்டை, ஆதார் நகல்களும் அந்த நோட்டிலேயே இருக்கட்டும்.

படி 2: வார்டில் நான்கு வேலை பழகுங்கள்

*திருப்பிப் படுக்க வைப்பது.* 2 மணி நேரத்துக்கு ஒருமுறை இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம் என்று மாற்ற வேண்டும். ஒரே இடத்தில் எடை அழுத்தினால் அங்கே ரத்த ஓட்டம் நின்று தோல் செத்துவிடும். படுக்கைப் புண் வருவது அப்படித்தான். முழுதாகப் பக்கவாட்டில் சாய்க்காமல் முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வில் வையுங்கள், இடுப்பெலும்பின் மேல் பாரம் விழாது. கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் குதிகால் மெத்தையைத் தொடாது. தினமும் இடுப்பு, வால் எலும்பு, குதிகால் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்த பிறகும் சிவப்பு வெளுக்காமல் இருந்தால் புண்ணின் தொடக்கம் அது. எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், உள்ளே நைந்த தசை இன்னும் நைந்துபோகும்.

*டியூபில் உணவு.* மூக்கருகே டியூபில் உள்ள குறி நகர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நகர்ந்திருந்தால் ஒரு சொட்டுகூட விடக்கூடாது, சிஸ்டரைக் கூப்பிடுங்கள். தலைப்பக்கம் நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர். உணவு 200 மில்லி, சிரிஞ்சை அழுத்தாமல் தானாக இறங்க விட்டு, 20 நிமிடமாவது எடுத்துக்கொண்டு. முடிந்த பின் ஒரு மணி நேரம் படுக்க விடக்கூடாது. உடனே படுக்க வைத்தால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். எந்த மாத்திரையைப் பொடிக்கலாம், எதைக் கூடாது என்று மருந்துச்சீட்டில் குறித்து வாங்குங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும்.

*யூரின் பேக்.* எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக்கூடாது. மடியில் வைத்துத் தள்ளுநாற்காலியில் போவதை அடிக்கடி பார்க்கிறோம். பையில் இருப்பது திரும்பி உள்ளே ஓடித் தொற்று உண்டாகும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள்.

*தூக்குவது.* வராத கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தசை தளர்ந்திருப்பதால் தோள் மூட்டு நழுவிவிடும், பிறகு மாதக்கணக்கில் வலி. பிசியோதெரபிஸ்ட் வரும்போது பக்கத்தில் நின்று, இடுப்பில் பிடித்து எழுப்புவதை உங்கள் கையாலேயே செய்து பாருங்கள். நாலு நாள் செய்தால் பழகிவிடும்.

படி 3: வீட்டை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்

டிஸ்சார்ஜுக்கு ஒரு வாரம் முன்பே ஒருவர் மேலே போக வேண்டும். ரோட்டிலிருந்து வீட்டு வாசல் வரை படிகளை எண்ணுங்கள். கை வைத்த கனமான மர நாற்காலியில் உட்கார வைத்து, பெட்ஷீட்டால் மார்போடு கட்டி, நான்கு பேர் தூக்க வேண்டியிருக்கும். மழையில் பாசி பிடித்த படியை முதல் நாளே தேய்த்துக் கழுவுங்கள்.

கட்டில் முழங்கால் உயரம் இருக்கட்டும். கமோட் நாற்காலி, ரப்பர் ஷீட், காற்று மெத்தை வேண்டும். காற்று மெத்தைக்குக் கரண்ட் வேண்டும், மலையில் காற்றும் மழையும் வந்தால் கரண்ட் எத்தனை மணி நேரம் போகும் என்று சொல்லவா வேண்டும்! கரண்ட் போனால் காற்று இறங்கிக் கட்டில் பலகை முதுகில் முட்டும். அடியில் நாலு அங்குல ஃபோம் மெத்தை இருக்கட்டும், காற்று மெத்தை இருக்கிறது என்று திருப்பிப் படுக்க வைப்பதை விட்டுவிடாதீர்கள்.

மண்சரிவில் சாலை மூடினால் மருந்து வராது, அதனால் பத்து நாள் மாத்திரை கூடுதலாக வைத்திருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும். டயப்பரை வெளியே போடாதீர்கள், இரவில் கரடி வந்து கிளறும்.

படி 4: மலையேறும் நாள்

மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வந்தால் புரையேறும் ஆபத்து இருப்பதால், கடைசி டியூப் உணவு கிளம்புவதற்கு 2 மணி நேரம் முன்பே முடிய வேண்டும். ஸ்ட்ரெச்சரில் தலைப்பக்கம் உயர்ந்து, பெல்ட் மார்பிலும் தொடையிலும் கட்டியிருக்கட்டும். கல்லாறில் ஒருமுறை நிறுத்தி யூரின் பேக்கைக் காலி செய்து, பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். காலையில் கிளம்புங்கள், மேலே பனிமூட்டம் இறங்குவதற்குள் சேர்ந்துவிடலாம். ஆம்புலன்ஸ் இல்லாமல் கோவைப் பதிவெண் டாக்சியில் வந்தால், 2024 மே முதல் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். முதல் நாள் இரவே எடுத்துக் கைபேசியில் வையுங்கள்.

படி 5: குளிர்

கீழே கற்றுக்கொடுக்காத பாடம் இது. உணர்ச்சி இல்லாத காலுக்கு வெந்நீர்ப் பை வைத்தால் அவருக்குச் சூடே தெரியாது, கொப்புளம் எழும்பிய பிறகுதான் நாம் பார்ப்போம். கம்பளி சாக்ஸும் போர்வையும் போதும். அதைவிட மோசம் குமுட்டி அடுப்பு. கதவைச் சாத்திக் கரி மூட்டிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். படுக்கையறையில் கரி அடுப்பு கூடவே கூடாது.

உடம்பு துடைப்பதை வெயில் இருக்கும் 11 மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பாகமாகத் துடைத்து மூடியபடி. விரல் சில்லிட்டிருந்தால், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் தப்பாகக் காட்டும், கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். மலை உயரத்தால், கோவையில் காட்டிய எண்ணைவிட இங்கே கொஞ்சம் குறையலாம். எந்த எண்ணுக்குக் கீழே போனால் கூப்பிட வேண்டும் என்று டிஸ்சார்ஜின்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

படி 6: பேச்சு

வார்த்தை வராதவருக்குக் காது கேட்கும், பெரும்பாலும் புரியவும் புரியும். "என்ன வேணும்?" என்று கேட்டால் தவிப்பார். "தண்ணி வேணுமா?" என்று கேட்டுத் தலையாட்டும்வரை பத்து விநாடி பொறுங்கள். காரணமில்லாமல் அழுவதும் சிரிப்பதும் மூளைப் பாதிப்பால் வருவது, உங்கள் மேல் கோபமென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமின்றிச் சோர்ந்து கிடந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் மருந்து உண்டு.

படி 7: உடனே கூப்பிட வேண்டியவை

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது, மூச்சுத் திணறல், காய்ச்சலோடு இருமல், கலங்கி நாறும் சிறுநீரோடு குளிர்நடுக்கம். வாய் புதிதாகக் கோணினாலோ, நல்ல கையும் தொங்கினாலோ, பேச்சு மறுபடி குழறினாலோ 108. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது, அதில் மலைப்பாதையே பாதியைத் தின்றுவிடும். சி.டி. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கே போகச் சொல்லுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதுதான் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, அந்த நேரத்தை நோட்டில் எழுதி நோட்டையும் வண்டியில் எடுத்துக்கொண்டு போங்கள்.