ஆயிரம் கோடி வருகிறதாம்: முதலீட்டுச் செய்தியைப் பிரித்துப் படிப்பது எப்படி?

திருவொற்றியூர் ஹைரோடு டீக்கடையில் பேப்பரை விரித்தால், வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று இத்தனை ஆயிரம் கோடி போடுகிறது என்று அடிக்கடி ஒரு செய்தி கண்ணில் படும், உடனே பக்கத்து பெஞ்சிலிருந்து "நம்ம பக்கம் வருதா? ஐ.டி.ஐ. முடிச்ச பையனுக்கு எதுனா கிடைக்குமா?" என்று கேள்வி வரும். இதற்குப் பதில் சொல்லப் பொருளாதாரப் பட்டம் எல்லாம் வேண்டாம்.

முதலில் வினைச்சொல்லைப் பாருங்கள். 'முதலீடு செய்யவுள்ளது' என்றிருந்தால் அது பெரும்பாலும் புரிந்துணர்வு ஒப்பந்தம். தட்டு மாற்றியாயிற்று, தாலி ஏறவில்லை. 2024 ஜனவரியில் நந்தம்பாக்கத்தில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு 631 ஒப்பந்தங்கள் போட்டார்கள். அதில் நம்நாட்டுக் கம்பெனிகளும் உண்டு, பணமும் பல வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வர வேண்டியது.

அப்புறம் பணம் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம், செய்தியில் இதைத்தான் விட்டுவிடுவார்கள். எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸில் பிரிட்டனின் லேலண்ட் மோட்டார்ஸ் பங்கு எடுத்து, 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆனது. 1987-ல் அந்த வெளிநாட்டுப் பங்கை இந்துஜா குழுமமும் இத்தாலியின் இவெகோவும் சேர்ந்து வாங்கின. பெரிய வியாபாரம்தான், ஆனால் அந்தப் பணம் போனது பங்கை விற்றவர்களுக்கு, எண்ணூர் ஷெட்டுக்கு அல்ல. புது முதலாளி பிறகு தன் பணத்தை உள்ளே இறக்கலாம், அது வேறு கணக்கு. ஆகவே புது ஆலையா, இருக்கிற ஆலையில் விரிவாக்கமா, வெறும் கைமாற்றமா என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பணத்தோடு தொழிலும் வருகிறதா என்பது இன்னொரு கேள்வி. 1955-ல் இங்கிலாந்து என்ஃபீல்டு, மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து இங்கே என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தது. முதலில் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டினார்கள், பிறகு அச்சும் கருவியும் வந்து, புல்லட் முழுசாகத் திருவொற்றியூரிலேயே உருவானது. தாய்க் கம்பெனி கடையை மூடிய பிறகும் இங்கே வண்டி ஓடியது. பூட்டுகிற வேலை மட்டும்தான் வருகிறதா, செய்கிற வேலையும் வருகிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

யாரிடம் எவ்வளவு பங்கு என்று தெரிய வேண்டுமா? பட்டியலிட்ட கம்பெனி என்றால் பங்குச் சந்தை இணையதளத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்குதாரர் விவரம் வரும், இலவசம். மணலி சுத்திகரிப்பு ஆலையை எடுத்துப் பாருங்கள்: 1965-ல் மத்திய அரசு 74, அமெரிக்காவின் அமோகோ 13, ஈரானிய தேசிய எண்ணெய் நிறுவனம் 13 சதவீதம் என்று தொடங்கியது. அமோகோ 1985-ல் விலகியது. அந்த ஈரான் அரசு எண்ணெய் நிறுவனத்தின் கிளைக்கு இப்போது ஆலைக் கம்பெனியில் 15.4 சதவீதம். மணலியில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பட்டியலிட்ட கம்பெனியில் வெளிநாட்டவர் 10 சதவீதமோ அதற்கு மேலோ வாங்கினால்தான் நேரடி முதலீடு என்று கணக்கு. அதற்குக் கீழே என்றால், இன்று வந்து நாளை விற்றுவிட்டுப் போகக்கூடிய சந்தைப் பணம்.

நாடு முழுமைக்கான நேரடி வெளிநாட்டு முதலீட்டு எண்ணைப் பார்க்கும்போது 'மொத்தம்', 'நிகரம்' இரண்டையும் தேடுங்கள், ரிசர்வ் வங்கியின் மாத இதழில் இருக்கும். 2024-25-ல் மொத்தமாக வந்தது சுமார் 81 பில்லியன் டாலர். ஏற்கெனவே போட்டவர்கள் எடுத்துக்கொண்டு போனதையும், நம் கம்பெனிகள் வெளிநாட்டில் போட்டதையும் கழித்தால் நிகரம் ஒரு பில்லியனுக்கும் கீழே. தலைப்பில் எது வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, நம்ம பக்கம்தான் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். பெரிய ரசாயன ஆலை, துறைமுகம் மாதிரி என்றால் பெரும்பாலும் பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடத்தியாக வேண்டும், குறைந்தது 30 நாள் முன்பே தமிழ்ப் பத்திரிகையில் அறிவிப்பு வரும். ஆட்சியர் அலுவலகத்தில் திட்ட அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் இருக்கும், போய்ப் படியுங்கள். கூட்டத்தில் புகையைப் பற்றி மட்டும் இல்லாமல், நிரந்தர வேலை எத்தனை, கான்ட்ராக்ட் எத்தனை என்றும் கேளுங்கள். முடிவில் பதிவான கேள்விகளையும் பதில்களையும் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதுவரை கிளம்பிவிடாதீர்கள், உங்கள் கேள்வி அதில் இல்லையென்றால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள்.