சம்பள நாள் முதல் உயில் வரை: பெங்களூர் விசுவாசக் குடும்பத்துக்கு உக்கிராணத்துவக் கணக்கு

தசமபாகம் கொடுத்துவிட்டால் மீதி 90 சதவீதம் நம் இஷ்டம் என்று நினைக்கிற விசுவாசிகள் நிறையப் பேர். பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது என்றால் (சங்கீதம் 24:1), அந்த 90-க்கும் கணக்கு உண்டு. லூக்கா 16-இல் எஜமான் தன் உக்கிராணக்காரனை, அதாவது தன் ஆஸ்தியை நிர்வகிக்கிறவனை, அழைத்துக் கேட்பதும் கணக்கைத்தான்.

பெங்களூரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கான முறை இது. பிடித்தம் போகக் கைக்கு மாதம் 50,000 ரூபாய் வருவதாக வைத்து எண்கள் போட்டிருக்கிறோம். உங்கள் தொகைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரு மாதம் எழுத மட்டும் செய்யுங்கள்

ஒரு நோட்டு போதும். தேதி, எதற்கு, எவ்வளவு என்று மூன்று கட்டம். முதல் மாதம் எந்தச் செலவையும் குறைக்க முயல வேண்டாம். குறைக்கத் தொடங்கினால் உண்மையான கணக்கு கிடைக்காது. தினமும் இரவு போன்பே, கூகுள் பே வரலாற்றைப் பார்த்து எழுதினால் டீக்கடை 30 ரூபாயும் ஆட்டோ 80 ரூபாயும் தப்பாது.

பின்பக்கத்தில் எல்லாக் கடனையும் எழுதுங்கள்: யாரிடம், அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எப்போது முடியும். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் வாங்கிய ஆப் கடன் ஒன்று இருந்தாலும் கீழே உள்ள எந்தப் படியும் நிற்காது.

படி 2: காணிக்கையை முதலில் பிரியுங்கள்

மாதக் கடைசியில் மிஞ்சியதைக் கொடுப்பது முதற்பலன் ஆகாது (நீதிமொழிகள் 3:9). சம்பளம் ஏறிய அன்றே 5,000 ரூபாயைத் தனிச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றுங்கள். கவரில் பணமாக வைப்பவர்கள் மாத நடுவில் அதிலிருந்து கைமாற்று எடுத்துவிடுகிறார்கள்; தனிக் கணக்கு அந்தச் சோதனையைக் குறைக்கும்.

மொத்தச் சம்பளத்திலா, கைக்கு வருவதிலா என்பதில் சபைகளுக்குள் ஒரே கருத்து இல்லை. தொடக்கத்தில் கைக்கு வருவதில் பத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டு, பிஎஃப் பணம் கைக்கு வரும்போது அதிலும் பிரிப்பது எளிது.

இந்த 5,000-க்குள்தான் எல்லாம் அடங்க வேண்டும்: சபைச் சந்தா, மிஷனரி காணிக்கை, பிறந்தநாள் ஸ்தோத்திர காணிக்கை, கட்டட நிதி, தெருவில் அறிந்த ஏழைக்கு உதவி. பலருக்குக் கணக்கு உடைவது அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த பொருள்களைச் சபையில் விடும் ஏலத்தில். உற்சாகத்தில் ஒரு பூசணிக்காயை 3,000 ரூபாய்க்கு எடுத்துவிட்டு, அதைக் கிரெடிட் கார்டில் பணம் எடுத்துக் கட்டுகிறார்கள். ஏலத்துக்கென்று மாதம் 300 ஒதுக்கினால் ஆண்டுக்கு 3,600. அதற்கு மேல் கை தூக்காதீர்கள்.

கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்க வேதம் கேட்கவில்லை. ஒருவனுக்கு உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்கிறது 2 கொரிந்தியர் 8:12. கடன் கழுத்தை நெரிக்கும் காலத்தில் 1,000 ரூபாயை விசனமில்லாமல் கொடுக்கிறவர், வட்டிக்கு வாங்கி 5,000 கொடுக்கிறவரைவிட உண்மையான உக்கிராணக்காரர். கொடுத்தால் பல மடங்காகத் திரும்பி வரும் என்று பேரம்போல் பேசி, கையில் இல்லாததையும் வாக்குக் கொடுக்கத் தூண்டும் பிரசங்கத்துக்குச் செவிகொடுக்க வேண்டாம். ஊரில் இருக்கும் தகப்பன் தாயின் மருந்துச் செலவை நிறுத்திவிட்டுக் காணிக்கை போடுவதை இயேசுவே கண்டித்தார்; பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கொர்பான், அதாவது காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழிப்பதைப் பற்றி அவர் பேசினார் (மாற்கு 7:11).

படி 3: ஆண்டுச் செலவைப் பன்னிரண்டால் வகுங்கள்

மாத பட்ஜெட் போட்டும் டிசம்பரிலும் ஜூனிலும் கடன் வாங்குகிறவர்கள் தவறவிடும் இடம் இது. எடுத்துக்காட்டு: பள்ளிக் கட்டணம் 60,000, கிறிஸ்துமஸ் உடுப்பு, பலகாரம், ஊர்ப் பயணம் அல்லது வேளாங்கண்ணிப் பயணம் 20,000, இன்சூரன்ஸ் பிரீமியம் 22,000, வண்டி இன்சூரன்ஸும் சர்வீஸும் 6,000. மொத்தம் 1,08,000. மாதம் 9,000.

இந்த 9,000 சம்பள நாளிலேயே ரெக்கரிங் டெபாசிட்டுக்குப் போகட்டும். பின் மாதக் கணக்கு இப்படி வரும்:

- காணிக்கை 5,000
- வாடகை, தண்ணீர், கரண்ட், காஸ், போன் 18,000
- மளிகை, பால், காய்கறி 8,000
- பஸ், மெட்ரோ, பெட்ரோல் 3,000
- ஊரில் பெற்றோருக்கு 3,000
- ஆண்டுச் செலவுப் பங்கு 9,000
- கைச்செலவு 1,000
- கடனுக்கும் அவசர நிதிக்கும் 3,000

பெங்களூருக்கென்று ஒன்று சேர்க்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதம். புதுப்பிக்கும்போது வாடகை ஏறும். வீடு காலி செய்தால் அட்வான்ஸிலிருந்து பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது வழக்கம். அட்வான்ஸ் முழுதாகத் திரும்பும் என்று நம்பி அடுத்த வீட்டுக்குத் தேதி குறிக்காதீர்கள். ஒப்பந்தத்தில் பிடித்தத் தொகையை எழுதி வாங்கி, குடிபுகும் அன்றே சுவர், குழாய், கதவுகளைப் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

படி 4: அதிக வட்டிக் கடனை முதலில் அறுங்கள்

கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை (நீதிமொழிகள் 22:7). அடிமைத்தனம் எவ்வளவு நீளம் என்பதை வட்டி விகிதம் சொல்லும். ‘மூணு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினாலும் மாதம் மூன்றரை சதவீதம் அளவில் வட்டி ஓடும். முழுத் தொகையைக் கட்டாவிட்டால் பொருள் வாங்கிய நாளிலிருந்தே அது கணக்காகும்.

60,000 ரூபாய் மூணு வட்டிக் கடனுக்கு மாதம் 3,000 கட்டினால், முதல் மாதம் 1,800 வட்டிக்கே போகும். கடன் முடிய 31 மாதம், மொத்தம் 93,000. வீட்டில் சும்மா இருக்கும் நகையை வங்கியில் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு அடகு வைத்து அந்தக் கடனை அடைத்து, அதே 3,000 கட்டினால் 22 மாதம், சுமார் 66,000. மிச்சம் 27,000 ரூபாய். இதில் தவறு நடப்பது ஒரே இடத்தில்: பழைய கடன் அடைந்த தைரியத்தில் புதிதாக வாங்குவது. கார்டை மூடுங்கள், கடன் ஆப்பை போனிலிருந்து நீக்குங்கள். நகைக் கடனில் முடிவுத் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். தவறினால் நகை ஏலத்துக்குப் போகும்.

கடன் அடைக்கும் காலத்திலும் 3,000-இல் 500-ஐ அவசர நிதிக்குப் போடலாம், தவணை சில மாதம் நீண்டாலும் பரவாயில்லை. கையில் 15,000 சேரும்வரை இதைச் செய்யாதவர்கள், முதல் காய்ச்சலுக்கே மீண்டும் வட்டிக்காரரிடம் போகிறார்கள்.

படி 5: ஜாமீன், சீட்டு, லீஸ்

ஜெபக்குழுவில் பழகியவர் என்பதற்காக ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். நீதிமொழிகள் 6 இதைக் கண்ணி என்கிறது; சட்டமும் அப்படித்தான். கடனாளி கட்டத் தவறினால் ஜாமீன்காரருக்கு அதே அளவு பொறுப்பு. குழுக் கடனில் பத்துப் பேரில் ஒருவர் ஓடினாலும் அந்தத் தவணை மற்றவர்கள் தலையில் விழும். உதவ மனமிருந்தால், திரும்பி வராவிட்டாலும் தாங்கும் தொகையைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

சீட்டு கட்டுவதாக இருந்தால், 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானதா என்று பாருங்கள். நடத்துகிறவர் எடுக்கும் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சபையில் ஒருவர் நோட்டில் எழுதி நடத்தும் சீட்டு, அவர் எவ்வளவு பக்தியுள்ளவராக இருந்தாலும், பதிவில்லாத சீட்டுதான்.

வாடகையே இல்லாத லீஸ் வீடு ஆசையைத் தூண்டும். பல லட்சம் கொடுத்து, காலி செய்யும்போது திரும்ப வாங்குவது ஏற்பாடு. ஓனர் அந்த வீட்டின்மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் வாங்கி, கட்டாமல் விட்டிருந்தால், வங்கி வீட்டைக் கைப்பற்றும்போது உங்கள் பணமும் சிக்கும். கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி தளத்தில் வில்லங்கச் சான்று எடுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட லீஸைப் பதிவு செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். லீஸ் பணத்தை வட்டிக்கு வாங்கினால் அது வாடகையைவிடக் கூடுதலாக முடியும்.

படி 6: காப்பும் சேமிப்பும்

வங்கிக் கணக்கிலிருந்தே எடுக்கும் இரண்டு அரசுத் திட்டங்கள் ஏழைக் குடும்பத்துக்கும் எட்டும்: ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு, 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு. கடன் முடிந்ததும் 3,000 முழுவதும் அவசர நிதிக்கு. மூன்று மாதச் செலவு சேரும்வரை வேறு முதலீடு வேண்டாம். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு.

படி 7: உயில் எழுதுங்கள்

தன் சொந்தஜனங்களை விசாரியாதவனைப் பற்றி 1 தீமோத்தேயு 5:8 கடுமையாகப் பேசுகிறது. உயிலில்லாமல் இறந்தால் கிறிஸ்தவருக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும்: மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பிள்ளைகள் இருந்தால் வயதான பெற்றோருக்குப் பங்கில்லை. அவர்களுக்கு ஏதாவது போக வேண்டுமென்றால் எழுதித்தான் ஆக வேண்டும்.

வெள்ளைத்தாளில் எழுதிய உயிலும் செல்லும், பதிவு கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட வேண்டும். சொத்தில் பங்கு பெறும் யாரையும், அவர் கணவனையோ மனைவியையோ சாட்சியாகப் போடாதீர்கள். அந்தப் பங்கு செல்லாமல் போகும். திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு ரத்தாகும். பிஎஃப் நாமினேஷனும் அப்படியே, எனவே திருமணமானதும் இரண்டையும் புதிதாகச் செய்யுங்கள். வங்கி, பிஎஃப், பாலிசி எண்கள் எழுதிய தாளையும் கடன் பக்கத்தின் நகலையும் உயிலோடு ஒரே கவரில் வைத்து, அது இருக்கும் இடத்தை மனைவியிடமும் வளர்ந்த பிள்ளையிடமும் சொல்லிவையுங்கள்.