குடியிலிருந்து மீள்வோர் கூட்டத்துக்கு முதன்முறையாகச் செல்பவருக்கு

கூட்டத்தைத் தேடுவதற்கு முன்பே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கி, முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், அதையடுத்து மனக்குழப்பமும் மாயத்தோற்றங்களும் கூடிய உயிராபத்தான நிலையும் ஏற்படக்கூடும். அத்தகையவர் முதலில் பார்க்க வேண்டியவர் மருத்துவரே. சிகிச்சை நடக்கும்போதே கூட்டங்களைப் பற்றி விசாரிக்கத் தொடங்கலாம்.

இவ்வகைக் கூட்டங்களுள் மிகப் பரவலாக நடப்பவை ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., அமைப்பினுடையவை. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் சந்தித்ததிலிருந்து வளர்ந்த இந்த அமைப்பில் சேரக் கட்டணம் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியிட்ட மதிப்பாய்வு, நோயாளிகளை முறையாக ஏ.ஏ.யோடு இணைத்துவிடும் சிகிச்சைகள், குடியை முற்றிலும் விட்டிருக்கச் செய்வதில் பிற உளவியல் சிகிச்சைகளைவிட மேலான பலன் தருவதாகக் கண்டது. குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்துள்ள பன்னிரண்டு படிகளில் கடவுளைப் பற்றிய பேச்சு வருகிறது; கடவுள் நம்பிக்கையற்றவர்களும் ஏ.ஏ.யில் இருக்கிறார்கள் என்றாலும், அந்தப் பேச்சு உறுத்தலாகவே இருக்குமானால், 1994இல் தொடங்கிய, சிந்தனையையும் நடத்தையையும் மாற்றும் பயிற்சிகளை அடிப்படையாகக் கொண்ட ஸ்மார்ட் ரெகவரி கூட்டங்களைத் தேடலாம். பெண்களுக்கென விமன் ஃபார் சொப்ரைட்டி என்ற அமைப்பும், குடிப்பவரின் குடும்பத்தினருக்கென அல்-அனான் அமைப்பும் உள்ளன.

கூட்டம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் அந்தந்த அமைப்பின் இணையதளத்திலோ, ஏ.ஏ.யின் மீட்டிங் கைடு செயலியிலோ, உதவித் தொலைபேசியிலோ அறியலாம். பட்டியலில் உள்ள நேரம் மாறியிருக்கக்கூடும் என்பதால், புறப்படுவதற்கு முன் ஒருமுறை அழைத்துக் கேட்டுக்கொள்வது நல்லது; பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய ஒருவர் மறுபடியும் துணிந்து வருவது அரிது. பட்டியலில் ‘திறந்த கூட்டம்’ என்றிருந்தால் குடும்பத்தினர், மாணவர் உட்பட எவரும் வரலாம். ‘மூடிய கூட்டம்’ குடிப்பழக்கம் தமக்குச் சிக்கலாக இருப்பதாகக் கருதுவோருக்கு மட்டும். வெளியே போகத் தயங்குபவர் இணையவழிக் கூட்டத்தில், கேமராவை அணைத்துவைத்துக் கேட்பதற்கு அந்தக் குழு இடமளித்தால், அப்படியே தொடங்கலாம்.

கூட்டம் பெரும்பாலும் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ நடக்கும். தொடக்கத்தில் சில பகுதிகள் வாசிக்கப்படும். பிறகு ஒருவர் தம் கதையைச் சொல்வார், அல்லது வந்தவர்கள் முறைவைத்துப் பேசுவார்கள். முதற்பெயர் போதும். புதியவர் யாரேனும் உண்டா என்று கேட்கும்போது கை உயர்த்தினால், கூட்டம் முடிந்தபின் அவரிடம் வந்து பேச நினைப்பவர்களுக்கு எளிதாக இருக்கும், உயர்த்தாவிட்டாலும் குற்றமில்லை. பேச முறை வரும்போது, இன்று கேட்க மட்டும் விரும்புகிறேன் என்று சொல்லிவிடலாம். ஒருவர் பேசுகையில் குறுக்கிடுவதோ, பேசி முடித்தவருக்கு அறிவுரை கூறுவதோ பெரும்பாலான ஏ.ஏ. குழுக்களில் வழக்கமில்லை. செலவுக்கான காணிக்கைத் தட்டு சுற்றிவரும்போது புதியவர் எதுவும் போட வேண்டியதில்லை.

கூட்டத்தைவிட, அதற்கு முன்னும் பின்னும் உள்ள பத்து நிமிடங்களே பல சமயம் முக்கியமானவை என்று சொல்லத் தோன்றுகிறது. சரியாகத் தொடங்கும் நேரத்துக்கு வந்து முடிந்தவுடன் வெளியேறுபவர் கதைகளைக் கேட்டிருப்பார், ஆனால் எவரையும் அறிந்திருக்க மாட்டார். கடுமையான தூண்டுதல் எழும் இரவில் அவருக்கு அழைக்க ஒரு எண் இருக்காது. ஆகவே, கூச்சமாக இருந்தாலும், இரண்டு மூன்று பேரின் எண்களைக் கேட்டு வாங்கி, நெருக்கடி வரும்வரை காத்திராமல் சாதாரணமான ஒரு நாளிலேயே அழைத்துப் பழகிக்கொள்ள வேண்டும். படிகளில் வழிகாட்டும் மூத்த உறுப்பினரை ஸ்பான்சர் என்பார்கள். காதல் ஈர்ப்புக்கு இடமில்லாத, குடியின்றி நிலைத்திருக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து நேரடியாகக் கேட்கலாம், பொருந்தாவிட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

சில எச்சரிக்கைகளும் தேவை. கூட்டத்தில் பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்பது மரபே. மருத்துவரிடம் சொல்வதற்குள்ள சட்டப் பாதுகாப்பு அதற்கு இருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. குடிக்கும் வேட்கையைக் குறைக்கத் தரப்படும் நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்துகளை நிறுத்தச் சொல்லும் உறுப்பினர் தம் எல்லையை மீறுகிறார்; அந்த முடிவு மருத்துவருடையது. புதியவரிடம் கடன் கேட்பவரும் காதல் நாடுபவரும் எங்கும் இருக்கக்கூடும். அவர்களை விட்டு விலகி, குழுவை நடத்துபவரிடம் சொல்லலாம், அல்லது வேறு குழுவுக்கு மாறலாம்.

குழுவுக்குக் குழு தன்மை மாறும் என்பதால், ஒரே ஒரு கூட்டத்தை வைத்து முடிவு செய்யாமல் சில வெவ்வேறு குழுக்களுக்குச் சென்று பார்ப்பது நல்லது. இடையில் குடித்துவிட்டவரை ஏ.ஏ. விலக்குவதில்லை, அன்று குடித்திருந்தால் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்குமாறு பல குழுக்கள் கேட்டுக்கொள்ளும், அவ்வளவுதான்.